நாடோடி மன்னன் ஓடாமல் போயிருந்தால்...

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, மண்ணச்சநல்லூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் திருவெள்ளறை. ஸ்ரீரங்கத்தைவிடப் பழைய கோயில் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பல்லவர் காலத்து ஸ்வஸ்திகா வடிவக் கிணறு ஒன்று இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆனால் முதலில் கண்ணில் படுவது கிணறு அல்ல. கோயில் முகப்பில் பாதியில் நிற்கும் ராஜகோபுரம். கல்லால் கட்டிய அடிப்பகுதி மட்டும் இருக்கிறது. அதற்கு மேல் வானம்.

ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரமும் பல நூற்றாண்டுகள் இப்படி மொட்டையாகத்தான் நின்றது. அகோபில மடத்தின் 44வது பட்டம் ஜீயர் முயற்சியில் வேலை நடந்து 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் ஆனது. 13 நிலை, 236 அடி. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் போய், இது உங்கள் அப்பா காலத்தில் இங்கே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ரங்கநாதர் பள்ளிகொண்ட நாளிலிருந்தே அது அங்கே நிற்கிற மாதிரிதான் அவர்களுக்குத் தெரியும்.

ஜெயித்துவிட்ட சமாசாரம் எல்லாமே இப்படித்தான். பின்னால் திரும்பிப் பார்த்தால், வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது என்று தோன்றும். தமிழ் சினிமாவில் அப்படி ஒரு ராஜகோபுரம் இருக்கிறது. 1958 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை ரிலீசான நாடோடி மன்னன். அது திருவெள்ளறைக் கோபுரம் மாதிரி ஆகியிருந்தால்? (ரத்தத்தின் ரத்தங்கள் ஆட்டோ அனுப்புவதற்கு முன் கடைசி வரை படித்துவிடவும் :))

முதலில் என்ன பந்தயம் என்று பார்ப்போம். எம்.ஜி.ஆருக்கு அப்போது 41 வயது. 1936ல் சதி லீலாவதியில் சின்ன வேடத்தில் ஆரம்பித்து, ராஜகுமாரியில் கதாநாயகன் ஆவதற்கே 1947 ஆகிவிட்டது. மலைக்கள்ளன், அலிபாபாவும் 40 திருடர்களும், மதுரை வீரன் என்று வரிசையாக ஹிட் கொடுத்த பிறகு, இனி வாழ்நாள் முழுக்க வாங்கிய சம்பளத்தில் சுகமாக இருந்திருக்கலாம். அந்த நேரத்தில்தான் எம்ஜியார் பிக்சர்ஸ் என்று சொந்தக் கம்பெனி. இயக்குவதற்கு முதலில் பேசப்பட்டவர் மர்மயோகி எடுத்த கே.ராம்நாத். அவர் 1956ல் காலமாகிவிட, எம்.ஜி.ஆரே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன் ஒரு படம்கூட இயக்கியதில்லை. தயாரிப்பு, இயக்கம், இரட்டை வேடம் எல்லாம் ஒரே ஆள்.

கதைக்கு விதை ஹாலிவுட்டின் பிரிஸனர் ஆஃப் ஜெண்டா (1937). அரசன் மாதிரியே இருக்கும் ஒருவன் அரசன் இடத்தில் உட்காரும் பழைய கதைதான். ஆனால் ஹாலிவுட்டில் அந்த ஆள் ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரக் கனவான். இங்கே அவன் மன்னராட்சியே கூடாது என்று சொல்லும் மக்கள் தலைவன் வீராங்கன். அவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். இந்த ஒரு மாற்றத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கம்பெனியின் சின்னமே ஒரு ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைப் பிடித்து நிற்பது. அந்தக் கட்சி தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்தது 1956ல், நம் திருச்சி மாநாட்டில். 1957ல் முதல்முறை நின்று 15 இடம் பிடித்திருந்தது. அடுத்த வருடம் இந்தப் படம்.

எடுத்து முடிப்பதற்குள் எத்தனை கஷ்டம்! பானுமதியோடு கருத்து வேறுபாடு வந்து அவர் பாதியில் விலகினார். அந்தப் பாத்திரத்தைக் கதையில் சாகடித்துவிட்டு, இரண்டாம் பாதிக்கு சரோஜாதேவியைக் கொண்டு வந்தார்கள். முதல் பகுதி கறுப்பு வெள்ளை, கன்னித்தீவுப் பகுதி கேவா கலர். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நீளம். சுமார் 18 லட்சம் ரூபாய் செலவு என்று சொல்வார்கள், 1958ல் அது என்ன பணம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். படம் ஓடினால் தான் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று எம்.ஜி.ஆர். சொன்னது இன்றும் எல்லா ரசிகர்களுக்கும் மனப்பாடம்.

படம் ஓடியது. மதுரையில் ஊர்வலம், தங்க வாள் பரிசு. மீதியை உலகம் அறியும்.

ஓடாமல் போயிருந்தால் என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று, எம்.ஜி.ஆர். என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. இரண்டு, ஒரு படம் போனால் என்ன, அடுத்த படத்தில் வாத்தியார் எழுந்திருப்பார். இரண்டுமே சோம்பேறி பதில். முதலாவது தப்பு என்பது சுலபமாகத் தெரியும். மதுரை வீரன் பார்த்த ஜனங்கள் ஒரே வெள்ளிக்கிழமையில் அவரை மறந்திருக்க மாட்டார்கள். சம்பளம் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் இருந்திருப்பார்கள். சரோஜாதேவியும் காணாமல் போயிருக்க மாட்டார், அடுத்த வருடமே ஸ்ரீதரின் கல்யாணப் பரிசு அவருக்காகக் காத்திருந்தது. தம்பியைத் தூங்காமல் இருக்கச் சொல்லும் அந்தப் படத்துப் பாட்டை எழுதிய பட்டுக்கோட்டையாரும், படம் தோற்றாலும் ஜெயித்தாலும், 1959 அக்டோபரில் 29 வயதில் போய்ச் சேர்ந்திருப்பார். அதை எந்த வசூலும் மாற்றாது.

இரண்டாவது பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. எழுந்திருப்பாரா?

அடுத்த இரண்டு வருடம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1959 ஜூனில் சீர்காழியில் இன்பக் கனவு நாடகம் நடித்துக்கொண்டிருக்கும்போது, குண்டுமணியைத் தூக்கியதில் எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. அந்த வருடம் அவருக்கு வந்த ஒரே படம், டிசம்பர் கடைசி நாளில் வந்த தாய் மகளுக்குக் கட்டிய தாலி. அது போணியாகவில்லை. 1960ல் ராஜா தேசிங்கும் அதே கதி. எதிர்ப் பக்கத்திலோ 1959ல் சிவாஜிக்கு வீரபாண்டிய கட்டபொம்மன், ஜெமினிக்குக் கல்யாணப் பரிசு. கால் ஊன முடியுமா, சண்டை போட முடியுமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கத்திச் சண்டையை நம்பிப் பிழைக்கும் நடிகருக்கு இதைவிடக் கெட்ட வருடம் வேண்டாம்.

நிஜத்தில் இந்தப் பள்ளத்தை அவர் தாண்டியதற்குக் காரணம், நாடோடி மன்னன் சேர்த்து வைத்த பணமும் பேரும். இப்போது அந்தப் படத்தைத் தோல்வியாக வைத்துப் பாருங்கள். 18 லட்சம் முதலீட்டில் பெரும் பங்கு கடனாக நிற்கிறது. பைனான்சியர் வாசலில். விநியோகஸ்தர்கள் நஷ்டக் கணக்கோடு வாசலில். உள்ளே கட்டிலில் கால் முறிந்த ஹீரோ. 1961ல் அவர் எழுந்து நடிக்க வந்திருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் யாருடைய நிபந்தனையில்?

நாடோடி மன்னன் உருவாக்கியது எம்.ஜி.ஆர். என்ற நட்சத்திரத்தை அல்ல, அவர் ஏற்கெனவே இருந்தார். அது உருவாக்கியது எம்.ஜி.ஆர். என்ற முதலாளியை. தன் பிம்பத்துக்குத் தானே சொந்தக்காரர். எம்ஜியார் பிக்சர்ஸ் மொத்தமே மூன்று படம்தான் எடுத்தது: நாடோடி மன்னன், அடிமைப்பெண் (1969), உலகம் சுற்றும் வாலிபன் (1973). ஆனால் இந்த மனிதரால் சொந்தமாகப் படம் எடுத்தும் ஜெயிக்க முடியும் என்று தெரிந்த பிறகு, மற்ற தயாரிப்பாளர்கள் தாங்களாகவே லகானை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கதாநாயகி யார், பாட்டில் என்ன வரி, வில்லன் எத்தனை அடி வாங்க வேண்டும் என்பது வரை அவர் வைத்ததே சட்டம். தோற்றிருந்தால் அதே தயாரிப்பாளர்கள், "நீங்க நடிச்சுட்டுப் போங்கண்ணே, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள்.

தோற்றால் இப்படித்தான் ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. சாட்சிகள் இருக்கிறார்கள். முதல் சாட்சி நம் ஊர்க்காரர்.

எம்.கே.தியாகராஜ பாகவதர் பிறந்தது மாயவரம், வளர்ந்ததும் பாடியதும் வாழ்ந்ததும் திருச்சி. அவருடைய ஹரிதாஸ் (1944) சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்தப் படம் வந்த கொஞ்ச நாளில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது, சிறை. 1947ல் விடுதலையாகி வந்தார். 1948ல் ராஜமுக்தி. (அதில் துணைப் பாத்திரத்தில் ஒரு இளைஞர் நடித்திருப்பார், பெயர் எம்.ஜி.ராம்சந்தர். கதாநாயகி வி.என்.ஜானகி. பானுமதியும் உண்டு. ஒரே படத்தில் இரண்டு எதிர்கால முதலமைச்சர்கள்!) ராஜமுக்தி விழுந்தது. பிறகு வந்தவையும் நிற்கவில்லை. கடைசியில் 1957ல் புதுவாழ்வு. சொந்தத் தயாரிப்பு, சொந்த இயக்கம், தானே ஹீரோ. ஆமாம், நாடோடி மன்னனுக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால் அதே சூதாட்டத்தைத் தமிழ்நாட்டின் முதல் சூப்பர் ஸ்டார் ஆடிப் பார்த்துவிட்டார். படம் ஓடவில்லை. 1959 நவம்பர் 1ம் தேதி காலமானபோது அவருக்கு 50 வயதுகூட ஆகவில்லை. அடக்கம் திருச்சியில்.

1957ல் ஒருவர் தோற்றார், 1958ல் ஒருவர் ஜெயித்தார். இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நாடோடி மன்னன் எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடந்தது என்பது புரிகிறது. பாகவதருக்கு ரசனை மாறிவிட்ட காலம், எம்.ஜி.ஆருக்கு ஏறுமுகம், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1957ல் பாகவதரும் தன் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பணம் போட்டிருக்க மாட்டார் அல்லவா.

இரண்டாவது சாட்சி இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அவர் நாடோடி மன்னனுக்கே வசனம் எழுதியவர். ரவீந்தருடன் சேர்ந்து எழுதிய கண்ணதாசன். அதே 1958ல் அவர் சொந்தமாக எடுத்த மாலையிட்ட மங்கை ஓடியது. அந்தத் தைரியத்தில் சிவகங்கைச் சீமை எடுத்தார். 1959 மே மாதம் கட்டபொம்மனும் சிவகங்கைச் சீமையும் சில நாள் இடைவெளியில் வந்தன. கட்டபொம்மன் கலரில் கர்ஜிக்க, கறுப்பு வெள்ளை மருது சகோதரர்களை எட்டிப் பார்க்க ஆளில்லை. அடுத்து சந்திரபாபுவை வைத்து எடுத்த கவலை இல்லாத மனிதன் (1960) கவலையை மட்டுமே கொடுத்தது. கடனை அடைக்க வேண்டுமே? பாட்டு எழுதினார். 1961ல் கட்சியையும் விட்டு வந்தார். அதே 1961ல்தான் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும்.

சிவகங்கைச் சீமை வெள்ளிவிழா கொண்டாடியிருந்தால்? கண்ணதாசன் பெரிய தயாரிப்பாளராக ஆகியிருப்பார். காரில் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகச் சுற்றிக்கொண்டு, நேரம் கிடைத்தால் பாட்டு எழுதியிருப்பார். மெல்லிசை மன்னர்களின் டியூன்கள் வேறு யாருக்கோ போயிருக்கும். ஒரு படத்தின் தோல்வி தமிழுக்கு ஒரு கவிஞரை முழுநேரமாகக் கொடுத்தது. அதனால் தோல்வி என்றாலே நஷ்டக் கணக்கு என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, நாடோடி மன்னனின் தோல்வியால் யாருக்கு லாபம் கிடைத்திருக்கும்? எழுத்தாளர்களுக்கு என்று தோன்றுகிறது.

1950களின் தமிழ் சினிமா வசனகர்த்தாவின் சினிமா. வேலைக்காரி (1949) அண்ணாவின் படம். மந்திரிகுமாரி (1950) கலைஞரின் படம், எம்.ஜி.ஆர். அதில் ஹீரோ என்பது இரண்டாவது செய்தி. பராசக்தி (1952) வந்தபோது சிவாஜி சினிமாவுக்குப் புதுமுகம், ஜனங்கள் போனது வசனம் கேட்க. கதை வசனப் புத்தகம் போட்டு விற்ற காலம் அது. கட்சிக் கொள்கை எழுதுகிறவரின் பேனாவிலிருந்து நடிகரின் வாய்க்குப் போனது. நடிகர் மாறினாலும் கொள்கை மாறாது. நாடோடி மன்னனில் இது தலைகீழாகிறது. கொள்கை பேசும் மனிதரே முதலாளி, அவரே இயக்குநர், எழுதுகிறவர் அவரிடம் வேலை பார்க்கிறார். கொடி படத்தின் பெயர் வருவதற்கு முன்பே அவருடைய கம்பெனிச் சின்னத்தில் வந்துவிடுகிறது. இனிமேல் வசனம் யார் எழுதினாலும் பேசுவது எம்.ஜி.ஆர்தான், கேட்பவர்கள் நம்பப்போவதும் அவரைத்தான். 1972ல் கட்சி உடைந்தபோது ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதற்கான விடை 1958லேயே எழுதப்பட்டுவிட்டது.

நாடோடி மன்னன் தோற்றிருந்தால் தமிழில் சத்யஜித் ராய்கள் வரிசையாக முளைத்திருப்பார்கள் என்று மட்டும் கனவு காண வேண்டாம். வசனகர்த்தாவின் சினிமா ஒன்றும் சொர்க்கம் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் கதை புரியும் படங்கள் அவை, கேமராவுக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் ஸ்ரீதர் மாதிரி ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். கல்யாணப் பரிசு, நெஞ்சில் ஓர் ஆலயம் என்று இயக்குநர் பெயருக்காகவே கூட்டம் வந்த படங்களை எடுத்தவர் அவர். பெரிய ஹீரோ இல்லாமலே படம் ஓடும் என்று காட்டியவர். நிஜத்தில் அவருக்கு என்ன ஆனது? கடனில் மாட்டி, 1974ல் எம்.ஜி.ஆரை வைத்து உரிமைக்குரல் எடுத்துத்தான் நிமிர்ந்தார். இயக்குநரின் சினிமா, ஹீரோவின் வாசலில் வந்து கால்ஷீட் கேட்டு நின்ற காட்சி அது. தமிழ் சினிமா எந்தத் திசையில் போனது என்று ஒரே ஒரு சம்பவத்தில் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். ராஜ்கபூர் 1970ல் மேரா நாம் ஜோக்கர் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார், சொத்தெல்லாம் அடமானம், ஆனாலும் 1973ல் பாபி எடுத்துத் திரும்ப வந்தார். எம்.ஜி.ஆர். மட்டும் வர மாட்டாரா? வித்தியாசம் இருக்கிறது. ராஜ்கபூர் தோற்றபோது அவருக்கு ஆர்.கே. ஸ்டூடியோ இருந்தது, இருபது வருட வெற்றி இருந்தது. எம்.ஜி.ஆருக்கு இது முதல் முயற்சி. முதல் அடியிலேயே விழுந்தவனை நம்பி இரண்டாம் முறை யாரும் கடன் தர மாட்டார்கள். அமெரிக்காவில் 1980ல் ஹெவன்ஸ் கேட் என்ற ஒரே படம் படுத்ததில், யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியே கை மாறியது. அதற்கு முன் டைரக்டர் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த ஹாலிவுட், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதை எடுத்த மைக்கேல் சிமினோ அதற்குப் பிறகும் படம் எடுத்தார். ஆனால் பழைய சிமினோவாக அல்ல.

அரசியலுக்கு வருவோம், வராமல் முடியாது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு அ.தி.மு.க. பிறந்தது. 1973 மே 11ல் உலகம் சுற்றும் வாலிபன் ரிலீஸ், ஒன்பது நாள் கழித்து மே 20ல் திண்டுக்கல் இடைத்தேர்தல். படம் வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரை முத்து சவால் விட்ட கதை ஊரறிந்தது. ஆளும் கட்சி எதிர்த்து நின்றபோது அவரால் அந்தப் படத்தை வெளியிட முடிந்ததற்கு ஒரே காரணம், படம் அவருடையது. வேறு தயாரிப்பாளர் எடுத்திருந்தால், மேலிடத்திலிருந்து ஒரு போன் போதும், பெட்டி குடோனில் தூங்கியிருக்கும். படமும் ஓடியது, மாயத்தேவரும் ஜெயித்தார். 1958ல் எம்ஜியார் பிக்சர்ஸ் முழுகியிருந்தால், 1973ல் அந்தப் படமே கிடையாது.

அப்புறம் வரிசையாகச் சீட்டுக்கட்டு சரிகிறது. 1977 ஆட்சி இல்லை. 1982 ஜூலை 1ம் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்த காட்சி இல்லை. (காமராஜர் மதிய உணவு இருந்திருக்கும், ஆனால் 1982ல் அதை அந்த அளவுக்கு விரிக்கக் கஜானாவைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர் தேவைப்பட்டார். இந்த விஷயத்தில் நாடோடி மன்னன் ஓடியதற்கு யாரும் வருத்தப்பட முடியாது.) ஜெயலலிதா வெண்ணிற ஆடை வழியாக சினிமாவுக்கு எப்படியும் வந்திருப்பார், கோட்டைக்குப் போயிருக்க மாட்டார். 2011ல் முதலமைச்சர் தொகுதி என்று ஸ்ரீரங்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ரோடு போட்டிருக்க மாட்டார்கள். கம்பெனியில் நிர்வாகியாக இருந்த ஆர்.எம்.வீரப்பன் மந்திரியும் ஆகியிருக்க மாட்டார், சத்யா மூவிஸும் இல்லை, 1995ல் பாட்ஷாவும் இல்லை. பாட்ஷா இல்லாத ரஜினி! இது எம்.ஜி.ஆர். ரசிகர்களைவிட இன்னொரு கூட்டத்துக்கு அதிகம் வலிக்கும்.

இதற்கெல்லாம் பரிசோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்த மாதிரி ஒரு பதில் இருக்கிறது. 2002 ஆகஸ்ட் 15, பாபா. பாட்ஷா எடுத்த அதே சுரேஷ் கிருஷ்ணா இயக்கம். ஆனால் கதை ரஜினி, தயாரிப்பு ரஜினி. உச்சத்தில் இருக்கும் நடிகர், சொந்தக் காசு, சொந்தக் கதை, உள்ளே அரசியல், வெளியே வருவாரா மாட்டாரா என்று ஏழு வருடமாகக் காத்திருந்த ஜனம். 1958க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான், இந்தப் படம் விழுந்தது. புகை பிடிக்கும் காட்சிகளை எதிர்த்து பா.ம.க. போராட்டம் வேறு. விநியோகஸ்தர்களுக்கு ரஜினி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தமிழ் சினிமாவில் அது பெரிய விஷயம், அந்தக் கண்ணியத்தை மறுக்க முடியாது.

ரஜினி அழிந்தாரா? 2005ல் சந்திரமுகி எத்தனை நாள் ஓடியது என்று தெரியும். ஆனால் அது மலையாளத்திலிருந்து கன்னடம் போய் வந்த கதை, சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. அதற்குப் பிறகு வந்தவையும் ஷங்கர் படம், ரஞ்சித் படம், லோகேஷ் படம். தன் கதையைத் தன் காசில் எடுக்கும் வேலையை அவர் திரும்பத் தொடவில்லை. 2017 டிசம்பர் 31ல் கட்சி ஆரம்பிக்கப் போவதாக அறிவித்தார். மூன்று வருடம் கழித்து, 2020 டிசம்பர் 29ல், உடல்நிலையைக் காரணம் சொல்லி வரவில்லை என்று அறிக்கை விட்டார். 2022ல் பாபாவைக் கொஞ்சம் வெட்டி ஒட்டி மறுபடி ரிலீஸ் செய்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. இருபது வருடம் லேட்.